சாட்சிக் கையெழுத்துக்கு டீக்கடைப் பையனைக் கூப்பிடாதீர்கள்: ஆவண எழுத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்திரம் எழுதும் அய்யாமார்களுக்கு,

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் உயில் எழுதணும் என்றார். ஓய்வுபெற்ற வாத்தியார், வயது 78, தனியாகப் படி ஏற முடியாது என்பதால் நானும் கூடப் போனேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே உங்களில் ஒருவரின் கடை. அவர் கேட்டது மூன்றே கேள்விகள்: பெயர் என்ன, சர்வே நம்பர் என்ன, யாருக்கு எழுதணும். இருபது நிமிடத்தில் பிரிண்ட் வந்துவிட்டது. "சாட்சிக்கு ஆள் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார், இல்லை என்றதும் வாசலைப் பார்த்து, "டேய், ரெண்டு பேர் வாங்கடா" என்று சத்தம் போட்டார். டீக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

நான் எழுந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு பெரியவரைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன். ஆவண எழுத்தருக்குக் கோபம். "முப்பது வருஷமா இப்படித்தான்மா பண்றோம்" என்றார். அந்த முப்பது வருஷத்தில் ஒரு நாள்தான் எங்கள் அப்பாவும் இதே மாதிரி ஒரு கடைக்குப் போனார். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஊர் ஓரத்தில் மூன்றரை சென்ட் வாங்கி, பி.எஃப். பணத்தில் ஒரு ஓட்டு வீடு கட்டி, பிறகு அதையே தளம் போட்டார். அம்மா போன பிறகு கடைசி ஒன்பது வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டது நான். அண்ணன்கள் இருவரும் வெளியூர். 2014-இல், தன் 76-ஆவது வயதில், வீட்டை என் பேரில் உயில் எழுத முடிவு செய்தார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். அப்போதே அவருக்குக் கை நடுக்கம். முந்தின நாள் இரவு பழைய டைரியின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினொன்று கையெழுத்துகள், கடைசி மூன்று கொஞ்சம் நேராக வந்திருக்கும்.

ஆவண எழுத்தர் மேஜையில் உட்கார்ந்து நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். இடுப்பு வலி தாங்காமல், உள்ளே கூப்பிடும் வரைக்கும் ஆட்டோவில் படுத்துக்கொள்கிறேன் என்றார். வெளியே வேப்ப மரத்தடியில் ஆட்டோ. அவரை நான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் விழுந்திருந்தது. ஒருவர் அந்தக் கடையிலேயே கூடமாட வேலை பார்த்தவர், இன்னொருவர் டீக்கடைப் பையன். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, படும்படி யாரும் சொல்லவும் இல்லை. உள்ளே பதிவு அதிகாரி முன்னால் அப்பாவை அடையாளம் காட்டக் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு இரண்டு பேர், அவர்களும் எங்களுக்கு யாரென்று தெரியாதவர்கள்தான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது எழுத்தர் சொன்னார்: "ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இனிமே யாரும் அசைக்க முடியாதும்மா."

அசைத்துவிட்டார்கள். அப்பா 2019-இல் போனார். அடுத்த வருஷமே அண்ணன்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார்கள். நான் உயிலைக் கொண்டுபோய்ப் பெருமையாக என் வக்கீல் முன்னால் வைத்தேன். அவர் பதிவு முத்திரையைப் பார்க்கவே இல்லை, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், "இந்தச் சாட்சி ரெண்டு பேரும் யார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. சாட்சி 1 என்று ஒரு பெயர், கீழே "கீழத்தெரு". கதவு எண் இல்லை, அப்பா பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. சாட்சி 2, "மேற்படி ஊர்". அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, உங்களுக்கு இது தொழில் வாழ்க்கை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமே இல்லை, முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைக் காகிதம் போதும். ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, 63-ஆவது பிரிவு. உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சி கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். அதோடு, சாட்சி கையெழுத்துப் போடுவது உயில் எழுதியவரின் முன்னிலையில் நடக்க வேண்டும். அவர் இறந்த பிறகு சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு, வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க முடியும். முன்பு சாட்சியச் சட்டத்தில் 68-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 67. ஒருவர் வந்தால் போதும்தான், ஆனால் அந்த ஒருவர், மற்ற சாட்சியும் முறையாகத்தான் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பதிவு முத்திரை இதில் எதற்கும் மாற்று இல்லை. பதிவான உயிலை, பின்னால் வெள்ளைத் தாளில் முறையாக எழுதிய பதிவாகாத உயில் ஒன்று ரத்து செய்துவிடவும் முடியும். "யாரும் அசைக்க முடியாது" என்று எந்தத் தைரியத்தில் சொன்னீர்கள்?

கீழத்தெருவில் நான் வீடு வீடாகக் கேட்டேன். கடையில் வேலை பார்த்தவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தப் பையன் திருப்பூருக்குப் போய்விட்டான் என்று மட்டும் தெரிந்தது. ஏழு மாதம் தேடி, ஒரு பனியன் கம்பெனி வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் அவனைப் பார்த்தேன். கல்யாணம் ஆகி, கையில் ஒரு குழந்தை. நல்ல பையன். உயிலின் நகலைக் காட்டியதும் தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். "அக்கா, என் கையெழுத்துதான். ஆனா நான் நெறைய பத்திரத்துல போட்டிருக்கேன்க்கா. ஒண்ணுக்கு அம்பது ரூவா குடுப்பாங்க. உங்க அப்பா யாருன்னே எனக்குத் தெரியாதே" என்றான்.

கோர்ட்டிலும் அவன் அதையேதான் சொன்னான். பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான். உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தாயா? பார்க்கவில்லை. அவர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? இல்லை. நீ போடும்போது அவர் எங்கே இருந்தார்? தெரியாது. எழுதிக் கொடுத்த ஆவண எழுத்தரையும் அழைத்தோம், அவர் வந்து, பத்து வருஷம் ஆகிறது, ஒரு நாளைக்கு எத்தனையோ பத்திரம், நினைவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாலு பக்கத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்து என்பதில் அண்ணன்களுக்கே சந்தேகம் இல்லை! டைரியில் பதினொரு முறை போட்டுப் பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்து அது. ஆனாலும் சாட்சிக் கையெழுத்து முறைப்படி நிரூபிக்கப்படவில்லை என்று கீழ்க் கோர்ட் உயிலைத் தள்ளிவிட்டது. இப்போது சட்டப்படி வீட்டில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு. மேல்முறையீடு போட்டிருக்கிறோம்.

குறுக்கு விசாரணையில் என்னைக் கேட்டதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் உங்கள் மேஜையில் ஆரம்பித்த தவறு. "அப்பாவை ஆட்டோவில் கூட்டிப் போனது யார்?" நான். "ஆவண எழுத்தருக்குப் பணம் கொடுத்தது யார்?" நான். "மகன்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று உயிலில் எங்கே எழுதியிருக்கிறது?" எங்கேயும் இல்லை. உயிலால் பயன் அடைகிறவரே கூட இருந்து எல்லாம் செய்தால், இயல்பான வாரிசுகளைக் காரணமில்லாமல் விட்டிருந்தால், அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று கோர்ட் பார்க்கும், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற பொறுப்பு உயிலைக் காட்டுகிறவர் தலையில். 1958-இல் உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது, அதற்குப் பிறகு வந்த உயில் வழக்குகளில் எல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அப்பாவிடம் காரணம் இருந்தது. பெரியவன் வெளிநாடு போகவும் சின்னவன் கடை வைக்கவும் தன் சேமிப்பிலிருந்து எவ்வளவு கொடுத்தார் என்று தொகையோடு உங்கள் ஆள் முன்னால் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்கய்யா, பத்திரம் நீளமாப் போகும்" என்று பதில் வந்தது. நாலு வரி. அந்த நாலு வரி இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு என் அப்பாவே பதில் சொல்லியிருப்பார். "இந்த அம்மாவைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லுங்க, நீங்க தனியா எங்கிட்ட சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் நான் அந்த மேஜைப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கிற பவர் பத்திரம் விஷயமும் இதே மாதிரிதான், அது என் அத்தை வீட்டில் நடந்தது.

அத்தைக்கு 22 சென்ட் நிலம். முடியாமல் போனால் அதை விற்று வைத்தியம் பார்க்கலாம் என்று 2017-இல் மூத்த மகனுக்குப் பொது அதிகார ஆவணம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து நிலம், வீடு சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும், அதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆவண எழுத்தர் சொன்னது: "இனி அம்மாவுக்கு என்ன ஆனாலும் நீங்களே பார்த்துக்கலாம்." அடுத்த வருஷம் அத்தைக்குப் பக்கவாதம். உயிர் இருந்தது, நினைவு இல்லை, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை. நிலத்தை வாங்க ஆள் வந்தார், அட்வான்ஸ் பேசினார்கள், அவருடைய வக்கீல் வந்து அத்தையைப் பார்க்கணும் என்றார். பார்த்துவிட்டு, இந்தப் பவரை வைத்துக் கிரயம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 201-ஆவது பிரிவு. பவர் கொடுத்தவர் இறந்தாலும் முடிந்தது, புத்தி சுவாதீனம் போனாலும் முடிந்தது. பணம் வாங்கிக்கொண்டு, ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை உண்டாக்கிக் கொடுத்த பவர் வேறு கதை, என் அத்தை கொடுத்தது அந்த மாதிரி இல்லை. நினைவு போன பிறகும் செல்லக்கூடிய பவரைச் சில நாடுகளில் எழுதி வைக்க முடிகிறது, நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. எந்த நாளுக்காக அத்தை அந்தப் பத்திரத்தை எழுதினாரோ, அந்த நாள் வந்தபோதே அது செத்துவிட்டது. கிரயம் பண்ணும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சான்று கேட்கிறார்கள், சரி, அதையும் வாங்கித் தந்துவிடலாம், ஆனால் உயிரோடு இருப்பதும் நினைவோடு இருப்பதும் ஒன்றில்லையே. அத்தை மகன் ஆஸ்பத்திரிக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினான். அத்தை 2020-இல் போனார், நிலம் அப்படியே கிடந்தது.

வேறு வழி உயர் நீதிமன்றம்தான். 2024-இல் கோமாவில் கிடந்த ஒருவரின் மனைவி, கணவரின் சொத்தை விற்றுத்தான் வைத்தியமும் குடும்பமும் பார்க்க முடியும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார், அந்த அம்மா மேல்முறையீடு செய்து, இரு நீதிபதிகள் அமர்வு அவரைப் பாதுகாவலராக நியமித்த பிறகுதான் வழி பிறந்தது. இது எல்லாராலும் ஆகிற காரியமா? அத்தை தெளிவாக இருந்தபோதே யாராவது உட்கார வைத்து, "பவர் அந்த நேரத்துக்கு உதவாதும்மா, விற்பதாக இருந்தால் இப்பவே விற்று உங்கள் பேரிலும் மகன் பேரிலும் ஜாயிண்ட் கணக்கில் போடுங்கள், இல்லையென்றால் ஆயுள் வரைக்கும் அனுபவ உரிமையை உங்களுக்கு வைத்துக்கொண்டு, நிலத்தை இப்பவே மகன் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதுங்கள், அதிலும் இன்ன இன்ன ஆபத்து இருக்கு, ஒரு வக்கீலைப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரயச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பவர் ஒன்று, விற்பனை ஒப்பந்தம் ஒன்று, உயில் ஒன்று என மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்து, இது கிரயத்துக்குச் சமம் என்று சொல்கிற வழக்கம். 2011 அக்டோபரிலேயே சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனால் உரிமை மாறாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் இப்படி ஒரு கட்டை நம்பி மனை வாங்கிய குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. விற்றவர் இறந்துவிட்டார், அவர் பிள்ளைகள் வந்து வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள்.

நீங்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கோர்ட், வக்கீல் என்றாலே பயப்படுகிற எங்களை மாதிரி ஆட்களுக்கு நீங்கள்தான் சட்டம். நீங்கள் சொன்னால் அப்படியே நம்புகிறோம், நீங்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். உங்களுக்கு அரசு கொடுத்த உரிமம் இருக்கிறது, 1982-லிருந்து அதற்கென்று தனி விதிகளே இருக்கின்றன, எழுதியவர் என்று உங்கள் பெயரும் உரிம எண்ணும் பத்திரத்தின் அடியில் வருகிறது. அந்தப் பெயருக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான், ஒவ்வொரு ஊர்ச் சங்கக் கூட்டத்திலும் இதை வைத்துப் பேசி முடிவு எடுங்கள். முதலாவது, கூலிச் சாட்சியை இன்றோடு நிறுத்துங்கள். உயில் எழுத வருகிறவரிடம், "உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களை விட வயது குறைந்த, சொத்தில் பங்கு இல்லாத இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புங்கள். ஒரு நாள் தள்ளிப்போவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சாட்சியின் தந்தை பெயர், வயது, கதவு எண்ணோடு முகவரி, போன் நம்பர், எப்படிப் பழக்கம் என்பது வரை எழுதுங்கள். மூன்று பேரும் ஒரே அறையில், ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்கும்படி போட வையுங்கள். எழுந்து போக முடியாதவர் ஆட்டோவில் இருந்தால் சாட்சிகளை ஆட்டோவுக்குக் கூட்டிப் போங்கள்.

உயிலால் பயன் அடைகிறவரை வெளியே உட்கார வைத்துவிட்டு எழுதுகிறவரிடம் தனியாகப் பேசுங்கள், யாரை ஏன் விடுகிறார் என்ற காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், நீளமானால் நீளமாகட்டும், அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். சுயார்ஜிதம், அதாவது தானே சம்பாதித்தது, என்று அச்சில் இருப்பதை அப்படியே விடாமல், நிலம் எப்படி வந்தது என்று மூலப்பத்திரத்தைப் பார்த்துக் கேளுங்கள். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும்தான் ஒருவர் உயில் எழுத முடியும், மகள்களுக்கும் அதில் பிறப்பிலேயே பங்கு வந்துவிட்டது. வயதானவர் என்றால் அதே தேதியில் ஒரு டாக்டர் சான்று வாங்கச் சொல்லுங்கள், அந்த டாக்டரே சாட்சியாகவும் போட்டால் இன்னும் நல்லது.

பவர் எழுதும்போது, கொடுத்தவர் இறந்தால் செல்லாது, நினைவு தவறினால் செல்லாது, வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம் என்ற மூன்றையும் வாயால் சொல்லுங்கள், சொன்னேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு. பவர், ஒப்பந்தம், உயில் என்ற மூன்று கட்டை எழுதித் தர முடியாது என்று மறுத்துவிடுங்கள். "யாரும் அசைக்க முடியாது", "என்ன ஆனாலும் பார்த்துக்கலாம்" என்ற இரண்டு வாக்கியங்களையும் தயவுசெய்து இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டு வாத்தியாரின் உயில் போன வாரம் முடிந்தது. அவருடைய பழைய மாணவர் ஒருவர், 38 வயது, இதே ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், அப்புறம் வாத்தியாருக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், இந்த இருவரும் சாட்சி. வாத்தியார் ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், அவர்கள் நின்று பார்த்தார்கள். எழுதித் தந்தவர், நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்த அதே கடைக்காரர்தான். இரண்டாவது முறை போனபோது முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சாட்சிகளின் போன் நம்பரை அவரே கேட்டு வாங்கி, சரிபார்த்து டைப் செய்தார். மற்றவர்களும் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லைன்மேனின் மகள்